கிளச்சுக் கால்

1954ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. துலா மாதத்து மழை முந்திய நாள் பிற்பகலில் பெய்து ஓய்ந்திருந்தது. காலையில் வானத்தில் மேகம் இல்லை, காற்றும் இல்லை. திருவனந்தபுரம் கோட்டைக்குள் தெருக்களில் சிவப்பு மண் ஈரம் காயாமல், மிதித்தவர்களின் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இம்மாதத்தின் இயல்பை அறிந்தவர்கள், உச்சிப்பொழுது சாய்ந்ததும் கிழக்கு மலையில் இடி முழங்கும் என்பதை மனத்தில் கொண்டே தங்கள் அலுவல்களை வகுத்துக்கொள்வர். வக்கீல் சாம்பசிவனும் அவ்வாறே வகுத்திருந்தார். ஆனால் அவர் வகுத்தது இன்னதென்று அவருடைய டிரைவர் பூதலிங்கத்திற்குத் தெரியாது. டிரைவரிடம் முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

பூதலிங்கம் நாஞ்சில் நாட்டுத் தாழக்குடியில் பிறந்தவன். இளமையில் நாகர்கோவில் பஸ்ஸில் கிளீனராக ஏறித் திருவனந்தபுரத்தில் இறங்கியவன், பின்பு ஊர் திரும்பவில்லை. யுத்தம் முடிந்த ஆண்டு முதல் வக்கீலின் பழைய மோரிஸ் காரை அவனே ஓட்டி வந்தான். கரமனை ஆற்றின் பக்கம் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டு வரிசையில் கடைசி வீடு அவனுடையது. அவன் மனைவி உலகம்மை, கோட்டைக்குள் இருந்த வக்கீல் வீட்டுக் கொல்லையிலும் அத்தெருவின் வேறு இரண்டு வீடுகளிலும் நெல் குத்துபவள். மில் அரிசியை அந்த வீட்டினர் வாயில் வைக்க மாட்டார்கள். ஆகவே அவளுடைய உலக்கைக்கு ஆண்டு முழுவதும் வேலை இருந்தது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவனுடைய கால்களும் அவளுடைய கைகளுமே அக்குடும்பத்தின் சொத்து.

மோட்டார் வண்டி ஓட்டும் தொழிலில் கைகளுக்கு உள்ள புகழ் கால்களுக்கு இல்லை. வலக்கால் இரண்டு வேலைகளைச் செய்கிறது: வேகத்தைக் கூட்டுதல் ஒன்று, வண்டியை நிறுத்துதல் மற்றொன்று. இடக்காலுக்கு உரிய வேலை கிளச்சை மிதித்தல் மட்டுமே. கிளச்சு மிதிபட்டிருக்கும் வரையில் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் உறவு இல்லை. உறவு அற்ற அந்தச் சிறு இடைவெளியில்தான் கியரை மாற்ற வேண்டும். அரைகுறையாக மிதித்தால் பற்கள் ஒன்றோடொன்று மோதி அலறும். திடீரென்று விட்டால் வண்டி குதித்து நின்றுவிடும். பழைய வண்டிகளில் ஒருமுறை மிதித்தலும் போதாது. மிதித்து, கியரை நடுவுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, எஞ்சினை ஓர் உறுமல் உறுமவிட்டு, மறுபடியும் மிதித்து, அதன் பின்னரே கீழ்க் கியரில் இட வேண்டும். டிரைவர்கள் இதனை டபிள் கிளச்சு என்பர். எந்த அளவுக்கு மிதிப்பது, எப்போது விடுவது என்பதை எவரும் வாயால் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. அதனைப் பாதமே அறிய வேண்டும்.

பூதலிங்கத்தின் இடது பாதம் எதனையும் அறிவதை நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

முதலில் கெண்டைச் சதையில் வெளிறிய தேமல் ஒன்று தோன்றியது. அதில் வியர்வை அரும்பவில்லை. அவன் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் மத்தியானம் அவன் வீட்டு நடையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, கட்டெறும்புக் கூட்டம் ஒன்று அவனுடைய இடது பாதத்தில் ஏறி விரலிடுக்குகளைக் கடித்துக்கொண்டிருந்ததை உலகம்மை கண்டாள்.

"கட்டெறும்பு காலைத் தின்னுக்கிட்டு இருக்கு. உங்களுக்குத் தெரியல்லியா?"

"தின்னட்டும். அதுக்கும் ஒரு வயிறு இருக்குல்லா," என்று அவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. எறும்புகளைத் தட்டிவிட்டுப் பாதத்தின் தோலை நகத்தால் கிள்ளினாள். அவன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தான். மறுபடியும் கிள்ளினாள். அவளுடைய தகப்பனாரின் தம்பிக்கு இப்படித்தான் தொடங்கியது. அவரை ஊருக்கு வெளியே தென்னந்தோப்பில் ஒரு குடிசையில் வைத்து, கஞ்சியைத் தூரத்தில் வைத்துவிட்டு வந்த காட்சியை அவள் சிறுமியாக இருந்தபோது பார்த்திருந்தாள். நோயின் பெயரை அவள் அன்றும் சொல்லவில்லை, பின்னரும் சொல்லவில்லை.

"யாருட்டயும் மூச்சு விடப்பிடாது. வக்கீல் சாமி அறிஞ்சா உங்க வேலை போவும். மாமி அறிஞ்சா எனக்க வேலையும் போவும். எனக்க கை பட்ட அரிசியை ஆரு திம்பா?"

அன்று தொடங்கிப் பூதலிங்கம் மோரிஸ் வண்டியைக் காதினால் ஓட்டப் பழகினான். எஞ்சின் எந்தச் சுருதியில் பாடும்போது எந்தக் கியர் தானே இறங்கும் என்பது அவனுக்குத் தெரியும். அந்தத் தருணம் பார்த்து ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தினால் கிளச்சே இல்லாமல் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கிவிடும். நின்ற வண்டியைக் கிளப்பும்போது மட்டுமே கிளச்சு தேவைப்பட்டது. அதற்காக அவன் இடது செருப்பின் அடியில் குறுக்காக ஒரு மரச்சட்டத்தை அடித்திருந்தான். பெடலின் விளிம்பில் அது மாட்டிக்கொள்ளும், கால் நழுவாது. கேட்டவர்களிடம், மழைக்காலத்தில் வழுக்காமல் இருப்பதற்கு என்று சொன்னான். பழைய வண்டியின் இரைச்சல் கோட்டை வாசல் முதல் கேட்கும் என்று தெருவில் கேலி செய்தார்கள். அந்த இரைச்சலே அவனைக் காப்பாற்றி வந்தது.

அந்த ஆண்டு அக்டோபர் முடிவில் வக்கீல் மோரிஸை விற்றுவிட்டு, கல்கத்தாவில் செய்த புதிய ஹிந்துஸ்தான் கார் ஒன்றை வாங்கினார். அதில் கியர்க் கம்பு தரையில் இல்லை. ஸ்டீரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து நீண்ட கம்பிகள் வழியாகக் கியர்ப் பெட்டிக்குச் செய்தி போக வேண்டும். ஆதலால் பற்களின் அசைவு கைக்கு வந்து சேரவில்லை. எஞ்சினின் ஓசையோ, அடுத்த அறையில் ஒருவர் உறங்கும் மூச்சளவே இருந்தது. விற்பனை செய்த கம்பெனிக்காரர் அதனையே பெருமையாகச் சொன்னார். பூதலிங்கம் அன்று வண்டியை வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இரண்டு முறை நிறுத்திவிட்டான். புது வண்டி, கை பழகவில்லை என்று வக்கீல் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். பூஜை முடியும் வரையில் வண்டி வெளியே எடுக்கப்பட மாட்டாது என்றும், வெள்ளிக்கிழமை பழவங்காடிக்குப் போய்வர வேண்டும் என்றும் கூறினார்.

காது பயனற்றுப் போன செய்தியை அவன் உலகம்மையிடம் கூறினான். அவள் வெகுநேரம் முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்தாள். பிறகு முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னாள். தான் அவனுக்கு எதிரே சுவரில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அவனுடைய இடது பாதத்துக்கு எதிரே நிறுத்தினாள்.

"இதைக் கிளச்சுண்ணு நெனச்சு மிதியுங்க."

"ஏட்டி, உனக்குக் கிறுக்காக்கும்."

"மிதியுங்கண்ணேன். ம், இப்பம் தொட்டாச்சு."

"எனக்கு ஒண்ணும் தெரியல்ல."

"பாதத்துக்குத் தெரியாண்டாம். முட்டு எவ்வளவு மடங்கியிருக்குண்ணு பாருங்க, இடுப்பு எங்க இழுக்குண்ணு பாருங்க. அதை ஓர்மை வச்சாப் போதும். இன்னும் அமுக்குங்க. இது பாதி. இன்னும். இப்பம் முழுசு. இனி பைய விடுங்க. பையண்ணேன், எனக்க கை ஒடிஞ்சா நாளைக்கு நெல்லு குத்த உங்க அம்மையா வருவா?"

"நீ குத்தாண்டாம். சாமி புது வண்டி வாங்கியாச்சுல்லா. இனி நீ வீட்ல இருந்து வெத்தில போட்டாப் போதும்."

"ராணிக்கு வெத்தில மடிச்சுக் குடுக்க ஆளு வேணுமே. நீங்க மிதியுங்க."

ஐந்து நாட்கள் வேலை முடிந்து வந்ததும் இருவரும் இதனைச் செய்தனர். தொட்டாச்சு, பாதி, முழுசு என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலின் வளைவை மனத்தில் பதித்தான். நெல் குத்திக் காய்த்துப் போன உள்ளங்கைகளாதலால் அவை எளிதில் கன்றவில்லை. எனினும் நான்காம் நாள் அவளுடைய மணிக்கட்டு வீங்கிவிட்டது. எண்ணெயைச் சுடவைத்து அவனே தடவிவிட்டான். எண்ணெயின் சூடு சரியாக இருக்கிறதா என்பதைத் தன் வலது கையால் பார்த்தான். பின்பு சற்றுத் தயங்கி, இடது கையாலும் பார்த்தான். அவனுடைய கைகள் இரண்டுக்கும் சூடு நன்றாகவே தெரிந்தது. அதைக் கண்டு அன்று இருவரும் மகிழ்ச்சியோடு உண்டனர்; மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு வண்டி பழவங்காடிப் பிள்ளையார் கோவில் முன் நின்றது. மாலையும் சந்தனமும் சாத்தியாயிற்று. நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பிரசாதத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஏறப்போன வக்கீலின் மனைவி விஜயலக்ஷ்மி, டிரைவர் இருக்கையின் கீழே கிடந்த செருப்பைக் கண்டாள்.

"இதைப் பின்னாடி டிக்கியிலே போடு. பிரசாதம் உள்ளே இருக்கு. இன்னிக்கு யாரும் செருப்போட வண்டியிலே ஏறப்படாது."

வக்கீல் தம்முடைய பூட்ஸை ஏற்கெனவே கழற்றிக் கொடுத்திருந்தார். பூதலிங்கம் தயங்கி நின்றான்.

"செருப்பு இல்லேன்னா கால் வழுக்கும் அம்மா."

"இத்தனை வருஷம் செருப்பா வண்டியை ஓட்டித்து? நீதானே ஓட்டினே," என்றாள் அவள்.

அவன் செருப்பைப் பின்னால் கொண்டுபோய் வைத்தான். புது வண்டிக்கு உரிய தேங்காயை அதன் டிரைவரே உடைக்க வேண்டும் என்பது வழக்கம். கூடையை எடுத்துக்கொண்டு அவன் உடைக்கும் இடத்திற்குச் சென்றான். அந்தக் கோவிலில் தேங்காய் உடைவது ஓயாத வேலை. ஒருவர் எறிந்து முடிக்குமுன் அடுத்தவர் எறிவார். சுவரில் பட்டுச் சிதறிய சிரட்டைத் துண்டுகள், பெருக்குபவர்களின் துடைப்பத்தைக் காட்டிலும் விரைவாகக் குவிந்துகொண்டிருந்தன. தரை முழுவதும் தேங்காய்த் தண்ணீரால் நனைந்திருந்தது. வந்தவர்கள் அனைவரும் பாதத்தால் தடவிப் பார்த்து, துண்டுகள் இல்லாத இடமாக அடி வைத்தனர். பூதலிங்கம் மற்றவர்களைப் போலவே பார்த்து நடந்தான். ஆயினும் எறியும் வேளையில் மனிதன் சுவரைத்தான் பார்க்க முடியும்; தன் பாதத்தைப் பார்க்க முடியாது. ஒவ்வொரு காயையும் அவன் முழு வலிமையோடு எறிந்தான். இந்த வண்டியும் இந்த வேலையும் நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான் என்பதை அவன் பின்னர் உலகம்மையிடம் கூற, அவள் எங்களிடம் கூறினாள்.

வண்டிக்குத் திரும்பியதும் வக்கீல், "நேரே பொன்முடிக்கு விடு. ராகு காலத்துக்கு முன்னே ஊர் எல்லையைத் தாண்டிடணும்," என்றார். கட்சிக்காரர் ஒருவருடைய தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்திய நாளே ஏற்பாடாகியிருந்தது.

சமதரையில் வீட்டுக்குத் திரும்பும் அளவுக்கே பூதலிங்கம் தன்னைத் தயார் செய்திருந்தான். மலைப்பாதைக்கு இன்னும் ஒரு மாதமாவது வேண்டும் என்று கணக்கிட்டிருந்தான். வண்டி புதுசு, ஏற்றத்தில் சூடாகும் என்று சொல்லிப் பார்த்தான். புதுசு என்பதால்தான் போகிறோம் என்று வக்கீல் சிரித்தார்.

பேரூர்க்கடை தாண்டி நெடுமங்காடு சாலையில் அவன் முழங்காலை மட்டுமே நம்பினான். வாய்க்குள்ளே தொட்டாச்சு, பாதி, முழுசு என்று சொல்லிக்கொண்டான். முதலில் ஒருமுறை வண்டி உதறியது. பிறகு உதறவில்லை. பெடல் சற்று வழுக்கியது. தேங்காய்த் தண்ணீரின் ஈரம் இன்னும் காயவில்லை என்று நினைத்து, பாதத்தைக் கீழே இருந்த புதிய ரப்பர் விரிப்பில் ஒருமுறை தேய்த்துக்கொண்டான். வித்துராச் சந்தையில் வக்கீல் இறங்கி மட்டி வாழைப்பழம் வாங்கினார். சாயா குடித்துவிட்டு வருமாறு அவனிடமும் சொன்னார். எழுந்தால் முழங்கால் பழகிய அளவு தவறிவிடும் என்று அஞ்சி, எஞ்சினை அணைக்காமல் இருக்கையிலேயே அவன் இருந்துவிட்டான்.

கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி வேகத்தை இழக்கும் முன்பே கியரைக் குறைத்தாக வேண்டும். தாமதித்தால் வண்டி நிற்கும்; நின்றால் பின்னோக்கி உருளும்; பின்னால் பள்ளம். புதிய வண்டியின் மேல் மூன்று கியர்களும் தாமே இணங்கிப் பொருந்துபவை. முதல் கியர் மட்டும் பழைய குணம் உடையது. ஓடும் வண்டியில் அதனை இட வேண்டுமானால் டபிள் கிளச்சு செய்தே தீர வேண்டும். மூன்றாம் வளைவு மிகச் செங்குத்தானது. இரண்டாம் கியரில் வண்டி திணறியது. அவன் மிதித்தான். நடுவுக்குக் கொண்டுவந்தான். விட்டான். எஞ்சினை உறுமவிட்டான். முழங்கால் மறுபடியும் அந்த இடத்தைத் தேடிப் போய் நின்றது. கியர் ஓசையின்றி இறங்கியது.

"என்னடா முணுமுணுக்கறே, ஜபமா?" என்று பக்கத்திலிருந்து வக்கீல் கேட்டார்.

"பிள்ளையாரை நெனச்சேன் சாமி."

ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகள் கீழே போயின. தேயிலைச் செடிகளும், கூலிக்காரர்களின் லயக் குடியிருப்புகளும், பாறையில் வழிந்த நீரும் வந்து மறைந்தன. வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. பங்களாவின் முற்றத்தில் அவன் பிரேக்கைப் பிடித்தபோது பதினொன்றே முக்கால் ஆகியிருந்தது. குளிர்ந்த காற்றிலும் அவனுடைய சட்டை முழுவதும் வியர்வையால் நனைந்திருந்தது.

வக்கீல் இறங்கி வராந்தாவில் ஏறி நின்றார். மிகவும் மகிழ்ந்திருந்தார். பழைய வண்டியில் இந்த மலை ஏறினால் வயிற்றில் உள்ளது வெளியே வந்துவிடும் என்றும், இன்று கியர் மாற்றியதே தெரியவில்லை என்றும் பாராட்டினார். பூதலிங்கமும் பிரசாதத் தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவில் ஏறினான். கேட்கப்படாமலேயே பேசத் தொடங்கினான். முதல் கியர் இணங்காது என்பதையும், அதை எவ்வாறு ஏமாற்றி இறக்க வேண்டும் என்பதையும் மற்றக் கையால் காட்டி விளக்கினான். நேராக நின்று, முகம் மலர்ந்து, எஜமானரோடு அவன் அவ்வளவு பேசியது அதுவே முதல் முறை.

விஜயலக்ஷ்மி அப்போது தரையைப் பார்த்தாள். வெள்ளையடித்த படிகளிலும் வராந்தாவின் சிமெண்டிலும் சிவப்பாகப் பாதச் சுவடுகள் இருந்தன. இடது பாதத்தின் சுவடு மட்டுமே.

"ஏன்னா, தட்டிலே இருந்து குங்குமம் கொட்டித்தா?"

வக்கீல் குனிந்து பார்த்தார். "பூதலிங்கம், காலைத் தூக்கு," என்றார். அவன் வலக்காலைத் தூக்கினான்.

"அது இல்லை. கிளச்சுக் கால்."

அவன் தூணைப் பிடித்துக்கொண்டு இடக்காலைத் தூக்கினான். பாதத்தின் நடுவில், விரல் நீளமுள்ள சிரட்டைத் துண்டு ஒன்று, பாதிக்குமேல் சதைக்குள் புதைந்திருந்தது. மீதிப் பகுதி பெடலில் பட்டுப் பட்டு மழுங்கியிருந்தது. அதைச் சுற்றிலும் ரத்தம் உறைந்தும் உறையாமலும் இருந்தது.

"இது எப்போ ஏறித்து?"

"எது சாமி?" என்றான் பூதலிங்கம்.

பின்பு குனிந்து பார்த்தான். பார்த்த பிறகு அவனுடைய முகம் சுருங்கியது. "அம்மாடி, வலிக்கி சாமி," என்றான்.

முப்பது ஆண்டுகளாகச் சாட்சிகளை விசாரித்தவர் வக்கீல். "இப்போ சொல்றே," என்றார். அவர் குரல் உயரவில்லை. "கோவில்லேருந்து இங்கே வரைக்கும் இதை வச்சு மிதிச்சுண்டு வந்திருக்கே. இப்போ பார்த்தப்புறம் வலிக்கிறது. எத்தனை நாளா?"

பூதலிங்கம் காலைக் கீழே வைத்தான். வக்கீல் மறுபடியும் கேட்கவில்லை. விஜயலக்ஷ்மி பிரசாதத் தட்டை அவன் கையில் பார்த்துவிட்டுச் சுவரோடு ஒதுங்கினாள். அவன் அதனைத் தரையில் வைத்தான். அதனை எவரும் எடுக்கவில்லை.

தோட்டத்து லாரி அன்று வித்துராவுக்குப் போயிருந்தது. பஸ் மறுநாள்தான். வக்கீலுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பங்களாக் காவல்காரன் சத்தியதாஸ் சமையற்கட்டிலிருந்து ஒரு துணியைக் கொண்டுவந்து, படிக்கட்டில் நின்று எறிந்தான். சிரட்டைத் துண்டைப் பூதலிங்கம் தானே பிடுங்கிவிட்டுக் காலைக் கட்டிக்கொண்டான். அவனுக்காக வாழையிலையில் வைத்த சோறு கொட்டகைக்குப் போயிற்று. அவன் அதனைத் தொடவில்லை. இரண்டு மணிக்குக் கிழக்கே இடித்தது. மேகம் மலையின் மேல் இறங்கி, தேயிலைச் சரிவுகளை ஒவ்வொன்றாக மறைத்தது. இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும்.

"நீயே ஓட்டு," என்றார் வக்கீல். அவர் கண்கள் வேறு பக்கம் இருந்தன.

இறங்கும்போது வழக்கமாக முன்னே அமரும் அவர் பின்னால் மனைவியோடு அமர்ந்தார். விஜயலக்ஷ்மி கால்களைத் தரையில் வைக்காமல் இருக்கையின் மேல் மடக்கிக்கொண்டாள். ஏறிய கியரிலேயே இறங்குதல் மலைப்பாதையின் விதி. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கிளச்சுக்கு அங்கே வேலை இல்லை. மழை கண்ணாடியை அறைந்தது. பூதலிங்கம் இரண்டாம் கியரில் வண்டியை விட்டு, கட்டுப் போட்ட காலை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டான். அவன் அன்று இறங்கியதுபோல் எவரும் அந்த மலையை இறங்கியிருக்க முடியாது. மடியில் வைத்த தண்ணீர்ச் செம்பு தளும்பாது, அவ்வளவு அமைதி.

கல்லாற்றுப் பாலத்தில் வக்கீல் தொண்டையைச் செருமினார். நூறநாட்டில் இந்த நோய்க்கென்றே அரசாங்க ஆஸ்பத்திரி இருப்பதாகவும், இப்போது புதிய மாத்திரை வந்திருப்பதாகவும், தொடர்ந்து சாப்பிட்டால் பரவாது என்று டாக்டர்கள் எழுதுவதாகவும் கூறினார். அங்கே சேர்த்துக்கொள்ளத் தாமே சொல்லி ஏற்பாடு செய்வதாகவும் கூறினார். கூறியவை அனைத்தும் உண்மையே. அதனை அவர் அன்போடுதான் கூறினார்.

நெடுமங்காட்டில் மழை சற்றுக் குறைந்தது. பூதலிங்கம், சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல் பேசினான்.

"நான் போறேன் சாமி. எங்க போவச் சொன்னாலும் போறேன். உலகம்மையை மாத்திரம் நிறுத்தப்பிடாது. அவளுக்கு ஒண்ணும் கெடையாது. ரெண்டு கையும் நல்லா இருக்கு. நானே பாத்தேன்."

வக்கீல் மனைவியைப் பார்த்தார். வண்டியின் வைப்பர் இருமுறை போய்வந்தது.

"அவ குத்தற அரிசியைத்தானே நாங்க சாப்பிடறோம், பூதலிங்கம்," என்றாள் விஜயலக்ஷ்மி. அவள் குரலில் கோபம் இல்லை. "சுவாமிக்கு நைவேத்தியமும் அதுலதான். இத்தனை நாளா. நான் நம்ம தெருவிலே யார்கிட்டே என்னன்னு சொல்லுவேன்?"

பேரூர்க்கடையில் மழையிருட்டுக்காக முன்னதாகவே தெருவிளக்குகள் எரிந்தன. பழவங்காடிச் சந்திப்பில் கூட்டத்துக்காக அவன் வண்டியை நிறுத்தவும், மறுபடியும் எடுக்கவும் நேர்ந்தது. முழங்கால் அளவு தவறவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. வக்கீல் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். சாவியை அதிலேயே விட்டுவிடும்படியும், உள்ளே வர வேண்டாம் என்றும், வரவேண்டியதை மறுநாள் ஆள் மூலம் அனுப்புவதாகவும் கூறினார். வண்டியின் உட்புறத்தைக் கழுவுவதற்கு ஃபினைல் வாங்கி வரச் சமையற்காரரிடம் சொல்லிக்கொண்டே படியேறினார். விஜயலக்ஷ்மி முன்வாசலால் நுழையவில்லை. மழையில் நனைந்தபடியே பக்கத்துச் சந்தின் வழியாகக் கொல்லைப்புறம் நடந்தாள்.

பூதலிங்கம் இருக்கையை விட்டு எழவில்லை. கொல்லைக் கொட்டகையிலிருந்து உலகம்மையின் உலக்கை ஓசை வந்துகொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் மறுநாள் அரிசியை முடித்துவிட வேண்டும் என்று அவள் விரைவாகக் குத்திக்கொண்டிருந்தாள். வீங்கிய மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுக்க, இரண்டு குத்துக்கு ஒருமுறை கை மாற்றினாள். ஓசையில் அது தெரிந்தது. சந்தின் முனையில் விஜயலக்ஷ்மியின் புடவை மறைந்தது. ஒரு குத்து விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அடுத்தது விழவில்லை.

அப்போது மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம்.